மணலுக்குள் ஒரு களஞ்சியம்

குளிர்நாடுகளில் உணவுப்பயிருக்குப் பகை உறைபனி; மன்னார்த் தீவிலோ வறட்சி. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் கொணரும் மழையே அத்தீவுக்கு ஆண்டின் பெரும்பங்கு நீராகும். அதன்பின் மணல் காயத் தொடங்கிவிடும். நெல்லுக்கு இடங்கொடாத அந்த மணலிலும் உணவை விளைவித்துத் தருவது பனங்கொட்டை.

பனை முளைக்கும் விதமே புதுமையானது. பல விதைகளின் முளைத்தண்டு மேலே ஒளியை நாடும். பனையின் முளையோ முதலில் நிலத்துக்குள் ஆழ இறங்குகிறது. கொட்டையினுள் உள்ள வெண்பருப்பின் சத்தைப் பூரான் உறிஞ்சிக்கொள்ள, அச்சத்துக் கீழே இறங்கிக் கிழங்காகத் திரள்கிறது. வறண்ட நிலத்திற் பிறந்த குழந்தைக்குத் தாய்மரம் கட்டிக்கொடுத்த சோற்றுமூட்டை அது. அம்மூட்டையை மனிதன் இடைமறித்துப் பறித்துக்கொள்கிறான் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்!

ஆடி, ஆவணியில் விழும் பழங்களின் கொட்டைகளைப் பொறுக்கி, மணலை உயரக் குவித்த பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மூடுவர். பாத்தி உயர்ந்திருந்தாற்றான் கீழிறங்கும் கிழங்கை முறியாமற் கிண்டியெடுக்கலாம். மாரிமழையே நீர்ப்பாய்ச்சல். தைமாதமளவிற் கிழங்கு கைக்கு வரும்.

பச்சைக் கிழங்கைப் பிளந்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஈரம் படாமல் வைத்தால் இரண்டும் பல மாதங்கள் கெடா. மழைக்காலக் கடல் சீறி வள்ளங்கள் கரையேறிய நாட்களில், ஒடியல்மாக் கூழே பல வீடுகளின் பசியைத் தணித்தது. மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, பழப்புளி எல்லாம் அதிற் சேரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒடியல்மாவிற் கைப்பு உண்டு. அம்மாவை எலிகளுக்கு ஊட்டிய ஆராய்ச்சிகளில் அவற்றின் உடலுக்குத் தீங்கு நேர்ந்தமை கண்டறியப்பட்டது. மாவை நீரில் ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டு, நன்றாகக் காய்ச்சும் பழக்கத்தை முன்னோர் வைத்திருந்தனர். அவசரத்துக்காக அதனைக் கைவிடுவது தகாது.

கடலோர உவர்நிலத்து உமரிக்கீரையையும் அவித்து, உப்புநீரை வடித்தே சமைப்பர். பெருநிலக் காடுகளிற் கோடையிற் பழுக்கும் பாலைப்பழமும் வீரைப்பழமும் சிறுவர்களின் பங்கு.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரில், வடக்கெங்கும் பதுங்குகுழிகளுக்காக எண்ணற்ற பனைகள் தறிக்கப்பட்டன. நட்ட பனை காய்க்கப் பத்தாண்டுகளுக்கும் மேலாகும். ஆதலால், பொறுக்கிய கொட்டைகள் அனைத்தையும் பாத்திக்கே அனுப்பாமல், சிலவற்றை வேலியோரத்திற் புதைத்து, கிண்டாமல் விட்டுவிடுதல் நன்று.