பழைய கார் வானொலியும் புதிய உள்ளுறுப்பும்

வேங்கிக்காலில் வேலூர் நெடுஞ்சாலையை ஒட்டிய இல்லங்கள் சிலவற்றில், தந்தையோ பாட்டனாரோ ஓட்டிய அம்பாசடர் கார் இன்றும் அன்போடு பேணப்பட்டு வருகிறது. மேற்கு வங்காளத்து உத்தரபாரா தொழிற்சாலையில் 1950களின் இறுதியில் உருவாகத் தொடங்கிய அக்காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. எஞ்சினைச் செப்பனிட்டு, வர்ணம் பூசிய பின்னரும் முன்பலகை வானொலி மட்டும் ஊமையாகவே இருக்கும். "இதைக் கழற்றிப் போட்டுவிடலாமா, சாமி?" என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. வேண்டாம் என்பதே என் விடை.

கார் வானொலியின் வரலாறு சுவையானது. 1930-இல் அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் 'மோட்டோரோலா' என்னும் பெயரில் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. அக்காலப் பெட்டிகள் வால்வுகளால் இயங்கின. வால்வுகளுக்கோ உயர்ந்த மின்னழுத்தம் தேவை. கார் பாட்டரி தந்தது ஆறு அல்லது பன்னிரண்டு வோல்ட்டே. ஆகவே 'வைப்ரேட்டர்' என்னும் அதிர்வுக் கருவி மின்னோட்டத்தை விட்டுவிட்டுப் பாயச் செய்ய, டிரான்ஸ்ஃபார்மர் அதனை உயர்த்தித் தந்தது. 1955-இல் ஃபில்கோ நிறுவனம் டிரான்சிஸ்டர்களால் மட்டுமே இயங்கும் கார் வானொலியை அளித்த பின், இத்தொல்லை படிப்படியாக நீங்கிற்று.

பழைய பெட்டிகள் மௌனமாவதற்குக் காரணங்கள் எளியவை: கண்டென்சர்கள் உலர்ந்துபோதல், முள்ளை நகர்த்தும் நூல் அறுதல், ஸ்பீக்கரின் காகிதம் கிழிதல். இவற்றைத் தேர்ந்த மெக்கானிக் சரிசெய்துவிடுவார். ஆனால் பெட்டி உயிர்பெற்றாலும் பழைய குரல்கள் திரும்பி வருவதில்லை. அவை பெரும்பாலும் மத்திய அலையையும் சிற்றலையையும் மட்டுமே ஏற்பவை. 1941-இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நின்றது. மணிலாவிலிருந்து நம் குடும்பங்களை எட்டிய ரேடியோ வெரித்தாஸ் ஆசியாவின் சிற்றலைச் சேவை 2018-இல் முடிவுற்று இணையத்துக்கு மாறியது. பண்பலையோ சென்னைக்கு 1977 ஜூலை 23-ஆம் நாள்தான் வந்தது.

எனவே புதிய உள்ளுறுப்பு தேவையாகிறது. அதற்கு இரு வழிகள் உண்டு. பழைய மின்சுற்று நன்றாக இருப்பின், ஒலிக்குமிழின் அருகே ஒரு கம்பி இணைத்துக் கைப்பேசியின் ஒலியை அதனுள் செலுத்தலாம், வேறெதுவும் மாறாது. சுற்று முற்றிலும் கெட்டிருப்பின், அதனை முழுமையாக வெளியே எடுத்து, பண்பலையும் புளூடூத்தும் கொண்ட சிறு பலகையைக் கூட்டினுள் பொருத்தலாம். பழைய குமிழ்களே ஒலியையும் நிலையத்தையும் மாற்றும்படி அமைப்பது கைதேர்ந்தவர் வேலை.

மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனையே காரின் உடலோடு இணைந்திருக்கும். இக்காலப் பலகைகள் இதற்கு நேர்மாறானவை. ஆராயாமல் இணைத்தால் கருகிவிடும். இரண்டாவது, தனி ஃபியூஸ் இன்றி எதையும் இணைத்தலாகாது. மூன்றாவது, வானொலியின் முகப்பிலோ காரின் முன்பலகையிலோ புதுத் துளையிடலாகாது. கழற்றிய பழைய உறுப்புகளைப் பெட்டியிலிட்டு, எது எங்கிருந்தது என எழுதி வைத்தல் நலம். நாளை ஒரு பேரன் அனைத்தையும் பழையபடி பூட்ட விரும்பக்கூடும்.

செலவு சிறிது ஆகும். பொறுமை அதனினும் மிகுதியாக வேண்டும். ஆயினும் கண்ணொளி மங்கிய முதியவர் பின்னிருக்கையில் அமர்ந்து, தாம் அறிந்த அந்தப் பெட்டியிலிருந்தே பாட்டைக் கேட்கையில் அவர் முகம் மலருமே! இளைஞர்களே, அப்பெட்டியை எறிவதற்கு முன் அவரை ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.