வெள்ளைக்கு அடியில் ஒரு பச்சை

பழைய கார் ஒன்றை மீண்டும் ஓட வைக்கப் போகிறோம் என்று சொன்னால், கேட்பவர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் வரும். எவ்வளவு செலவாகும்? என்ன சாயம் அடிக்கப் போகிறீர்கள்? முதல் கேள்விக்குப் பட்டறைக்காரர் பதில் சொல்லிவிடுவார். இரண்டாவது கேள்வி எளிதாகத் தோன்றும். ஆனால், எங்கள் குடும்பத்தில் அந்தப் பேச்சு மூன்று மாதங்கள் ஓடியது.

அந்தக் கார் 1957-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர். பேராக்கில் ரப்பர் தோட்டமொன்றில் கிராணியாக இருந்த என் தாத்தா, தாயகம் திரும்பிய சின்னத் துரை ஒருவரிடமிருந்து 1962-இல் வாங்கியது. 1966-இல் அதற்கு வெள்ளைச் சாயம் பூசினார். 1989-இல் அவர் மறைந்த பிறகு வீட்டின் பின்புறக் கொட்டகையில் நின்றது, நின்றதுதான். பணி ஓய்வு பெற்ற பெரியப்பா சென்ற ஆண்டு அதை வெளியே இழுத்தார்.

தோட்டம்வரை வந்த கார்

மோரிஸ் மைனர் 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959-இல் வந்த மினி காரும் அவருடைய படைப்புதான். சிறிய உருவம், குறைந்த எரிபொருள் செலவு, எளிதில் பழுது பார்க்கக்கூடிய இயந்திரம் ஆகியவற்றால் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், தோட்ட அலுவலர்கள் வீடுகளில் அது இடம்பிடித்தது.

பிரிட்டிஷ் கார்களில் முதன்முதலில் 10 லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்டதும் மைனர்தான். அதைக் கொண்டாட ஏறத்தாழ 350 கார்களை வெளிர் ஊதா நிறத்தில், வெள்ளை இருக்கைகளுடன் வெளியிட்டார்கள். 'மைனர் 1000' என்ற பெயர்ப்பலகை அவற்றில் 'மைனர் 1000000' ஆனது. பழைய கார் ஆர்வலர்கள் இன்று அந்தக் கார்களைத் தேடுவதற்கு அந்த ஊதா நிறம் ஒரு முக்கியக் காரணம். அதற்கு யாராவது கறுப்புச் சாயம் அடித்துவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு அது இன்னொரு மைனர், அவ்வளவே.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

நெடுநாள் நின்ற காரைப் பார்த்ததும் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகிப் பார்க்கத்தான் கை போகும். அதைச் செய்யக் கூடாது. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம். மோட்டாரைக் கொண்டு வலிந்து சுழற்றினால் வளையம் உடையும், சுவர் கீறும்.

ஈப்போவில் எங்களுக்குக் கிடைத்த பட்டறைக்காரர் 70 வயதைத் தாண்டிய சீனர். இளம் வயதில் இந்தக் கார்களில்தான் தொழில் கற்றவர். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு வாரம் அப்படியே விட்டார். பிறகு முன்பக்கத் துளையில் கைப்பிடியைச் செருகி மெல்லத் திருப்பினார். 948 சிசி இயந்திரம் முதலில் அசையவில்லை. மறுநாள் அரைச் சுற்று வந்தது. அதற்கடுத்த நாள் முழுச் சுற்று.

இயந்திரம் சுழன்றதும் நாங்கள் மகிழ்ந்தோம். அவரோ பிரேக் பக்கம் போய்விட்டார். "ஓடுவது பிறகு. முதலில் நிற்கத் தெரிய வேண்டும்" என்றார். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஆண்டுக்கணக்கில் நின்றால் அந்த ஈரம் உள்ளிருக்கும் உலோகத்தை அரித்துவிடும், ரப்பர் பாகங்களும் கெட்டுவிடும். மைனரில் பிரேக்கின் தலைமைச் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. அதை வெளியே எடுப்பதற்கே ஒரு நாள் பிடித்தது.

இன்னொன்றையும் அவர் எச்சரித்தார். இன்றைய கார்களில் பேட்டரியின் எதிர்முனை உடலோடு இணைக்கப்படும். இந்தக் காரில் நேர்முனைதான் உடலோடு சேரும். பழக்க தோஷத்தில் மாற்றி மாட்டினால் மின்கருவிகள் கெட்டுப்போகும்.

துருதான் பெரிய செலவு. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரைத் தகடும் கதவுக்குக் கீழுள்ள பெட்டி போன்ற பகுதிகளும் சேர்ந்தே வண்டியைத் தாங்குகின்றன. வெளியே பளபளவென்று சாயம் அடித்துவிட்டு இவற்றை விட்டுவிட்டால் அது ஆபத்தான கார். எங்கள் காரில் இரு பக்கமும் தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாகப் பற்றவைக்க வேண்டியிருந்தது.

சாட்சிகள் இருவர்

இதற்கிடையில்தான் நிறத்தைப் பற்றிய பேச்சு தொடங்கியது. வெள்ளை பிற்பாடு வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்?

"பச்சைதான். எங்கப்பா காடிய தோட்டத்துப் பிள்ளைங்க பச்சைக் காடினுதான் சொல்லுவாங்க" என்றார் மூத்த அத்தை. "இல்லக்கா, சாம்பல். கொட்டகையில நிக்கிறது இன்னும் கண்ணுல இருக்கு" என்றார் பெரியப்பா. வீட்டிலிருந்த இரண்டு புகைப்படங்களும் கறுப்பு வெள்ளை. அவற்றில் எல்லாக் காரும் சாம்பல்தான்.

மனிதர்கள் ஒத்துப்போகாதபோது காரையே கேட்க வேண்டும். 1950களில் மோரிஸ் கார்களின் அடையாளத் தகட்டில் எழுத்துகளும் எண்களும் சேர்ந்த ஒரு குறியீடு இருக்கும். அதில் ஓர் எழுத்து நிறத்தைக் குறிக்கும். எங்கள் தகட்டில் இருந்த எழுத்து பச்சை என்றது. எந்தப் பச்சை என்று சொல்லவில்லை.

அடுத்து, மட்கார்டில் ஓரிடத்தை நீர்த்தாளால் தேய்த்தோம். மரத்தின் வளையங்களைப் போல அடுக்குகள் தெரிந்தன: வெள்ளை, அடிப்பூச்சு, மங்கிய பச்சை, மீண்டும் அடிப்பூச்சு, இரும்பு. ஆனால், வெயில் பட்ட சாயத்தை நம்பக் கூடாது. புற ஊதாக் கதிர்கள் சாயத்தின் பிணைப்பைச் சிதைத்து நிறத்தை வெளுக்கச் செய்துவிடும். வெயில் படாத இடம் வேண்டும். கதவின் உள்தட்டியைக் கழற்றியபோது அது கிடைத்தது. தூசியைத் துடைத்ததும் சாம்பல் கலந்த மென்பச்சை தெரிந்தது. தொழிற்சாலை வைத்த பெயர் 'சேஜ் கிரீன்'. 1950களின் பிற்பகுதியில் சில ஆண்டுகள் மட்டுமே மைனருக்குப் பூசப்பட்ட நிறம் அது.

வெயிலில் வைத்துப் பார்த்தால் அது பச்சை. கொட்டகை நிழலில் சாம்பல். அத்தையும் பெரியப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இங்கே ஓர் அறிவியல் செய்தியும் உண்டு. இரண்டு சாயங்கள் ஒரு விளக்கொளியில் ஒன்றுபோலத் தெரிந்து, இன்னோர் ஒளியில் வேறுபடலாம். அவற்றில் கலந்துள்ள நிறமிகள் வேறாக இருப்பதே காரணம். ஆகவே சாயக் கடையின் விளக்கில் மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளக் கூடாது. நாங்கள் மாதிரித் தகட்டை வெளியே கொண்டுவந்து, காலை வெயிலிலும் மாலை நிழலிலும் கதவுக்கு அருகில் பிடித்துப் பார்த்தோம். மூன்றாவது கலவைதான் பொருந்தியது.

சிவப்பா, பச்சையா?

பெரியப்பா மகனுக்கு, எனக்கு அண்ணன், இந்த முடிவில் திருப்தியில்லை. சிவப்பு அடித்தால் திருமணங்களுக்கு வாடகைக்கு விடலாம், போட்ட பணத்தில் பாதியாவது திரும்பும் என்பது அவர் கணக்கு. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. செலவில் பெரும்பங்கு அவருடைய சம்பளத்திலிருந்து போகிறது. மங்கிய பச்சைக் காரில் மணமக்கள் ஏறுவார்களா என்று அவர் கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை.

என் கருத்து வேறு. பிரேக் ரப்பரைப் புதிதாக்கியது உயிருக்காக. தகட்டை மாற்றியது உறுதிக்காக. அவற்றைத் தவிர்க்க முடியாது. நிறத்தை மாற்றவோ விட்டுவைக்கவோ நம்மால் முடியும். சிவப்பு மைனர் அழகாக இருக்கும், ஆனால் அது தாத்தாவின் கார் என்று சொல்ல எண் தட்டு மட்டுமே மிஞ்சும். தோட்டத்துப் பிள்ளைகள் பார்த்துக் கூவிய கார் பச்சை.

கடைசியில் அண்ணனே சமரசம் சொன்னார். வெளியே பச்சை, வாடகைக்கு விடும் முடிவு ஓர் ஆண்டு கழித்து.

இப்படியொரு கார் உங்கள் தாத்தா வீட்டிலும் நிற்கலாம். சாயத்தைச் சுரண்டுவதற்கு முன் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேளுங்கள், தகட்டின் குறியீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கதவின் உட்புறத்தைத் திறந்து பாருங்கள். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். இன்றைய இருகலவைச் சாயங்களின் ஆவி நுரையீரலைப் பாதிக்கும். தெளிப்பதை உரிய முகக்கவசமும் அறையும் உள்ளவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது.

எங்கள் கார் அடுத்த மாதம் சாயப் பட்டறைக்குப் போகிறது. அதன்பின் வாகனச் சோதனை, காப்புறுதி, சாலை வரி என்று வேலைகள் காத்திருக்கின்றன. ஒன்றை மட்டும் பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறோம். கதவின் உட்புறத்தில் உள்ளங்கை அளவு பழைய சாயத்தைத் தொடாமல் விட வேண்டும். இன்னும் 30 ஆண்டுகள் கழித்து இந்தக் காரின் நிறம் என்ன என்று வீட்டில் பேச்சு வந்தால், தட்டியைக் கழற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.