திரையும் ஆசிரியர் உரையும்

ஒளிப்படம் வீழ்த்திப் பாடம் சொல்லும் முறை புதியதன்று. மாய விளக்கு 17ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. 1987இல் வெளிவந்த பவர்பொயின்ற் அதன் பேர்த்தி எனலாம். ஆயினும் திரை நிறைய வசனங்களை எழுதி, அவற்றையே ஆசிரியர் உரக்க வாசிக்கும் வழக்கம் இன்றும் காணப்படுகின்றது. இதனால் விளையும் கேடு யாது? கண் வசனத்தில் முந்தி ஓட, செவி குரலைப் பின்தொடர, கடைசி வாங்கில் இருக்கும் மாணாக்கன் இரண்டையும் தவறவிடுகின்றான். படத்தோடு விளக்கவுரையை மட்டும் கேட்போர், அவ்வுரையை எழுத்திலும் சேர்த்துக் காண்போரைவிட நன்கு கற்கின்றனர் என அமெரிக்க உளவியலறிஞர் ரிச்சர்ட் மேயர் சோதனைகளால் காட்டியுள்ளார்.

மகாவலி கங்கையைக் கற்பிப்பதாகக் கொள்வோம். நீளம் 335 கிலோமீற்றர், தோற்றம் மலைநாடு, சங்கமம் கொட்டியாரக் குடா என வரிவரியாக எழுதிக் காட்டுவது வீண். தேசப்படம் ஒன்று போதும். முதலில் மலைகள் மட்டும் தோன்றட்டும். மழைநீர் எத்திசை ஓடும் என்று வினவி, மாணாக்கர் விடை கூறிய பின்னரே ஆற்றைக் காட்டுதல் வேண்டும். அவர்கள் தம்முள் விவாதிக்கும்போது விசைப்பலகையில் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தினால் திரை இருளும். சிறு வசதிதான், பயனோ பெரிது. குறிப்பெழுத வேண்டியவற்றுக்குக் கரும்பலகையே ஏற்றது. அது மாணாக்கரின் கைவேகத்திற்கு இசைந்து நடக்கும். மின்சாரம் தடைப்பட்டாலும் மறையாது.