அடிபிடித்த கூழும் ஏழு நாள் இயந்திரமும்

ஆடி வெள்ளியில் எங்கள் ஊர் படவேட்டுக்கு வந்திருக்கிறீர்களா? ரேணுகாம்பாள் அம்மனைப் பார்க்க வரும் வண்டிகளுக்கு நடுவே, தெருத்தெருவாகக் கூழ் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். மறுநாள் நொய்யை வேகவிட்டு, கரைத்த மாவை அதில் ஊற்றித் துடுப்பால் விடாமல் கிண்ட வேண்டும். கை கொஞ்சம் ஓய்ந்தாலும் அண்டாவில் அடி பிடித்துவிடும். போன வருஷம் எங்கள் வீட்டு அண்டாவில் பிடித்தது. தீய்ந்த வாடை வந்ததும் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: “ஒரு அஞ்சு நிமிஷம் பின்னால போக முடிஞ்சா, விறகை வெளிய இழுத்துட்டு வந்துடுவேன்.”

விபத்தையும் படுகொலையையும் தடுக்கக் காலத்தில் பின்னால் போகிற தொலைக்காட்சித் தொடர்கள் அத்தனைக்கும் கதை இந்த ஒரு வரிதான். ஆள் மாறும், ஊர் மாறும், இயந்திரம் மாறும். சாம்பாரானாலும் வத்தக்குழம்பானாலும் புளிக்கரைசல் ஒன்று என்பதுபோல, அடியில் இருப்பது மாறாது. ருசியைத் தீர்மானிப்பது அளவுகள்.

முதல் அளவு, எவ்வளவு தூரம் பின்னால் போகலாம் என்பது. 1998 முதல் 2001 வரை ஓடிய ‘செவன் டேஸ்’ என்ற அமெரிக்கத் தொடரில் நாயகன் ஃபிராங்க் பார்க்கர் ஓர் உருண்டைக் கலத்தில் ஏறுவான். ஏழு நாள் பின்னால் போவான், அதற்கு மேல் முடியாது. இந்த எல்லை கதைக்காரர்களின் கஞ்சத்தனம் இல்லை, கெட்டிக்காரத்தனம். அத்தை ஐந்து நிமிடம் பின்னால் போனால் விறகை இழுப்பாள். முந்தின இரவுக்குப் போனால் வேறு மாவைக் கரைப்பாள், அது வேறு கூழாகிவிடும். விதைப்புக்கே போனால் கேழ்வரகுக்குப் பதிலாக வாழை வைத்துவிடலாம், படவேட்டில் அதற்கா பஞ்சம்? தூரம் கூடக் கூட நாம் காப்பாற்ற வந்த பண்டமே காணாமல் போகும்.

எங்கள் ஊரை வைத்து ஒரு தொடர் எடுத்தால் இந்த இடத்தில்தான் சிக்கும். படவேடு ஒரு காலத்தில் படைவீடு, சம்புவராயர்களின் தலைநகர். 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் படையோடு வந்து வென்றான். பின்னாளில் மண்மூடிப் போன கோயில்களைத் தோண்டி எடுத்துப் புதுப்பித்திருக்கிறார்கள். பார்க்கரை இங்கே கூட்டி வந்து என்ன பயன்? அவனுடைய ஏழு நாளில் ஒரு சந்தை நாளைத் தாண்டலாம், ஒரு ராஜ்ஜியத்தைத் தாண்ட முடியாது.

இரண்டாவது அளவு எனக்குப் பிடித்தது: பின்னால் போவது எது? ஆளே போக வேண்டும் என்றில்லை. தீய்ந்த வாடை மட்டும் முதல் நாளே மூக்கில் ஏறினால் போதாதா? 1996இல் தொடங்கிய ‘ஏர்லி எடிஷன்’ அப்படித்தான். சிகாகோவில் ஒருவன் வாசலுக்குத் தினமும் காலையில் மறுநாள் செய்தித்தாள் வரும், கூடவே ஒரு பூனையும். அவன் ஓடிப்போய் விபத்தைத் தடுத்தால் தலைப்புச் செய்தி மாறிவிடும். 2016இல் வந்த ‘சிக்னல்’ என்ற கொரியத் தொடரில் ஒரு பழைய வாக்கி டாக்கி. இன்றைய போலீஸ்காரர் பேசுவது பல வருஷங்களுக்கு முன்னால் இருக்கும் போலீஸ்காரருக்குக் கேட்கும். ஒரு கொலையைத் தடுத்தால் இன்னொரு உயிர் போகும். ஓர் அடுப்பில் தீயைக் குறைத்ததும் பக்கத்து அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

சமையலறையே வாசலாக இருக்கும் கதையும் உண்டு. ஸ்டீபன் கிங்கின் 2011ஆம் வருஷத்து நாவலில், ஒரு சாப்பாட்டுக்கடையின் சரக்கறைக்குள் நுழைந்தால் 1958க்குப் போகலாம். கென்னடி கொலையைத் தடுக்கக் கிளம்பும் கதை அது; 2016இல் எட்டுப் பகுதித் தொடராகவும் வந்தது. நாவலில் கடைக்காரர் அந்த வழியைக் கண்டுபிடித்ததும் செய்த வேலை என்ன தெரியுமா? பழைய விலைக்கு இறைச்சி வாங்கி வந்து இன்று விற்றார். ஒவ்வொரு முறையும் அதே நாளில் போய் இறங்குவதால், வாங்கியதையே திரும்பத் திரும்ப வாங்கினார். உலகத்தைக் காப்பாற்றுவதற்கு முன்னால் கடையைக் காப்பாற்றிய அந்த மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை.

மூன்றாவது அளவு நினைவு. பின்னால் போய்த் திருத்திய பிறகு, முன்பு நடந்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்? பெரும்பாலும் நாயகனுக்கு மட்டும். கூழ் நன்றாக வந்திருக்கிறது என்று தெருவே குடித்துக்கொண்டிருக்கும். தீய்ந்த ருசி அத்தையின் நாக்கில் மட்டும் நிற்கும். வெங்கட் பிரபுவின் ‘மாநாடு’ படம் 2021இல் இதைத்தான் கலைத்துப் போட்டது. ஒரு முதலமைச்சரின் கொலையைத் தடுக்க ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வாழும் நாயகனோடு, எதிராளியான போலீஸ் அதிகாரிக்கும் எல்லாம் நினைவிருக்கத் தொடங்குகிறது. ஓர் அண்டாவுக்கு இரண்டு துடுப்பு. படம் அங்கேதான் சூடு பிடிக்கிறது.

நினைவைப் பற்றிய இந்த விதியை முதலில் எழுதியது ஹாலிவுட் இல்லை. மகாபாரதத்தின் வனபர்வத்தைப் பாருங்கள். தந்தை ஜமதக்னியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தாய் ரேணுகாவின் தலையை வெட்டிய பரசுராமன், தந்தையிடம் வரம் கேட்கிறான். தாய் உயிரோடு எழ வேண்டும். அதோடு, தான் கொல்லப்பட்டது அவளுக்கு நினைவிருக்கக் கூடாது. எவ்வளவு நுணுக்கமாகக் கேட்டிருக்கிறான்! நடந்ததை அழிக்க வேண்டும், அதன் தடத்தையும் அழிக்க வேண்டும். கோடரியின் கனம் மட்டும் அவன் கையில் தங்கிவிடுகிறது.

நாட்டார் கதை இதோடு விடவில்லை. அவசரத்தில் தாயின் தலையை வெட்டுண்டு கிடந்த வேறொரு பெண்ணின் உடலோடு ஒட்டவைத்தான் என்று அது சொல்லும். இதுதான் நான்காவது அளவு, திருத்தியதற்குக் கொடுக்கும் விலை. 2016இல் தொடங்கிய கனடாத் தொடர் ‘டிராவலர்ஸ்’, எதிர்காலத்து மனிதர்களின் மனத்தை, இன்று சாகப் போகிறவர்களின் உடலுக்குள் அனுப்புகிறது. வந்தவர்கள் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறார்கள். அந்த உடலின் மனைவியும் குழந்தையும் யாரோடு வாழ்கிறோம் என்று தெரியாமலே வாழ்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஊர்க் கருவறைதான் கண்முன் வந்தது. அந்த ரேணுகாதான் எங்கள் ரேணுகாம்பாள்; இங்கே சிரசு வடிவில் மட்டும் இருக்கிறாள்.

திருத்தவே முடியாததும் உண்டு. 2008இல் வந்த ‘டாக்டர் ஹூ’ கதை ஒன்றில் டாக்டர் பாம்பேய் நகரில் இறங்குகிறார். எரிமலை வெடித்தே ஆக வேண்டும்; அது காலத்தில் அசையாத புள்ளி. ஒரு குடும்பத்தை மட்டும் வெளியே கொண்டுவருகிறார். உறை ஊற்றித் தயிரான பிறகு பாலைக் கேட்கக் கூடாது.

அத்தைக்கு இயந்திரம் கிடைக்கவில்லை. துடுப்பை அடிவரை விடாதே என்று என்னை அதட்டிவிட்டு, மேலாக இருந்த கூழை மட்டும் மொண்டு வேறு அண்டாவுக்கு மாற்றினாள். மோரும் சின்ன வெங்காயமும் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தன. வரிசையில் முதலில் நின்ற பெரியவர் சொம்பை மூக்கருகே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தினார். அத்தை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார்.