தமிழ்ச் சித்திரக்கதை மறுபதிப்புகள்

தமிழ்ச் சித்திரக்கதை மறுபதிப்புகள் என்பன, 1970களிலும் 1980களிலும் தமிழில் வெளிவந்த சித்திரக்கதை இதழ்களைப் பிற்கால வாசகர்களுக்காகவும் பழைய வாசகர்களின் நினைவுக்காகவும் மீண்டும் அச்சிட்டு வெளியிடும் இதழ்களையும் நூல்களையும் குறிக்கும். இவற்றுள் பெரும்பாலானவை சிவகாசியிலிருந்து வெளிவரும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் ஆகிய இதழ்களைச் சார்ந்தவை.

அமெரிக்காவில் சித்திரக்கதை வரலாற்றுக்கெனவே தனி இதழ்கள் உண்டு. 1961இல் ஜெர்ரி பெய்ல்ஸ் தொடங்கிய ஆல்டர் ஈகோ, 2003இல் தொடங்கிய பேக் இஷ்யூ ஆகியன ஓவியர், எழுத்தாளர் நேர்காணல்களையும் பழைய இதழ்களின் வரலாற்றையும் வெளியிட்டன. தமிழில் அப்பணியின் பெரும்பகுதியைச் செய்தவை மறுபதிப்புகளும் அவற்றுடன் வரும் ஆசிரியர் பக்கங்களுமே.

தோற்றம்

முத்து காமிக்ஸ் 1972ஆம் ஆண்டு சௌந்திரபாண்டியன் அவர்களால் தொடங்கப்பட்டது. முல்லை தங்கராசன் இதன் தொடக்க கால ஆசிரியராக இருந்தார். முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. பட்டாசு, தீப்பெட்டி, நாட்காட்டி ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற சிவகாசியின் அச்சுத் தொழிலே இத்தகைய இதழைக் குறைந்த விலையில் தருவதற்கு வழிசெய்தது எனலாம். 1984 சூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்சைத் தொடங்கினார். அதன் முதல் இதழில் மாடஸ்டி பிளைசி இடம்பெற்றார். தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்சும் அதே ஆண்டில் தொடங்கி, 500 இதழ்களுடன் 2005இல் நின்றது.

இரும்புக்கை மாயாவியின் இரு வாழ்வுகள்

மறுபதிப்புகளில் மிகுதியாக இடம்பெற்ற நாயகர் இரும்புக்கை மாயாவியே. இக்கதை 1962 அக்டோபரில் பிரித்தானிய வார இதழான வேலியண்டில் தொடங்கியது. கென் புல்மர், அவருக்குப் பின் டாம் டல்லி ஆகியோர் எழுத, எசுப்பானிய ஓவியர் ஏசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்த லூயிஸ் கிராண்டேல் உலோகக் கை பொருத்தப் பெற்றவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் வெளியே தெரியும். முதலில் தீயவனாக இருந்த அவன் பின்னர் உளவாளியாகிறான்.

1967–68 காலத்தில் ஃபிளீட்வே சூப்பர் லைப்ரரி என்னும் கையடக்க நூல் வரிசையில் இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர், ஜானி நீரோ ஆகியோரின் கதைகள் முழுநீளத் தனிக்கதைகளாக வந்தன. பிரித்தானியாவில் அவ்வரிசை நெடுநாள் நீடிக்கவில்லை. வேலியண்ட் இதழும் 1976இல் நின்றது. பிறந்த நாட்டில் ஏறக்குறைய மறக்கப்பட்ட இந்நாயகர்கள் தமிழில் அரை நூற்றாண்டு வாழ்ந்தது வியப்புக்குரியது. ஆங்கிலத்தில் ரெபெல்லியன் நிறுவனம் இரும்புக்கை மாயாவியை 2021இல் நூலாக மீண்டும் வெளியிட்டபோது, தமிழ் வாசகருக்கு அவர் பழைய நண்பராகவே இருந்தார்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். லீ ஃபால்க்கின் ஃபேண்டம், முத்து காமிக்சில் வேதாளன் எனவும் ராணி காமிக்சில் மாயாவி எனவும் வழங்கப்பட்டார். எனவே ஒருவர் "மாயாவி கதை படித்தேன்" என்றால் எந்த மாயாவி என்று கேட்டறிதல் நலம்.

மறுபதிப்பு இதழ்கள்

பழைய முத்து கதைகளை மீண்டும் வெளியிடுவதற்கென்றே காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற தனி இதழ் நடத்தப்பட்டது. 2010இல் இரத்தப் படலம் கதையின் 18 பாகங்கள் ஒரே தொகுப்பாக வந்தன. வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த இக்கதை, நினைவிழந்த ஒருவன் தான் யாரென்று தேடுவதைப் பற்றியது. 2012இல் லயன் கம்பேக் ஸ்பெஷலுக்குப் பின் வழவழப்பான தாளும் முழு வண்ணமும் வழக்கமாயின.

லயன் காமிக்சில் விஜயன் எழுதிய "சிங்கத்தின் சிறுவயதில்" தொடர், இதழ் நடத்திய அனுபவங்களைக் கூறுவது. தமிழ்ச் சித்திரக்கதைப் பதிப்பின் வரலாற்றை அறிய விரும்பும் மாணவருக்கு இதுவே முதன்மையான சான்று. எனினும் இது பதிப்பாளர் ஒருவரின் பார்வை. மொழிபெயர்ப்பாளர், அச்சுக்கோப்பவர், முகவர் ஆகியோரின் குரல் இதில் குறைவு.

பாதுகாப்பும் பரவலும்

பழைய இதழ்கள் மலிவான செய்தித்தாளில் அச்சிடப்பட்டவை. அத்தாள் மஞ்சளாகி நொறுங்கும் இயல்புடையது. படித்து முடித்ததும் எடைக்குப் போடப்பட்டவை பல. ஆகவே முதற்பதிப்புகள் பெரும்பாலும் தனிச் சேகரிப்பாளரிடமே எஞ்சியுள்ளன. பழைய புத்தகக் கடைகளில் அவற்றின் விலை அச்சிட்ட விலையைப் போலப் பன்மடங்கு. மறுபதிப்பும் முதற்பதிப்பின் நகல் அன்று. அளவு, வண்ணம், அட்டை ஓவியம் ஆகியன மாறுவதுண்டு. ஆதலால் முதற்பதிப்பைப் பற்றி ஆராய்பவர் மறுபதிப்பை மட்டும் நம்பலாகாது.

எவற்றை மறுபதிப்புச் செய்வது என்பதில் வாசகரிடையே ஒத்த கருத்து இல்லை. சிறுவயதில் படித்தவற்றையே மீண்டும் கேட்போர் ஒருபுறம். டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர் போன்றோரின் புதிய கதைகளை வேண்டுவோர் மறுபுறம். ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டி நடந்த வாசகர் சந்திப்புகளிலும் இவ்விவாதம் எழுந்ததுண்டு.

விற்பனை முறையும் மாறிவிட்டது. முன்னர் பழனி, திண்டுக்கல் போன்ற ஊர்களில் கடை வாயிற்கயிற்றில் தொங்கிய இதழைச் சிறுவர் தற்செயலாகக் கண்டு வாங்கினர். 2012க்குப் பின் ஆண்டுச் சந்தா, கூரியர், புத்தகக் காட்சி ஆகியனவே முதன்மை வழிகள். ஏற்கெனவே அறிந்தவர்க்கு இது வசதி. அறியாத சிறுவரின் கண்ணில் இதழ் படும் வாய்ப்போ குறைந்துவிட்டது.