குட்டி யானையா, தோஸ்தா? முதல்ல லோடைப் பாருங்க

"சம்பளம் பத்தல, லோடு வண்டி வாங்கி நானே ஓட்டலாமா?"ன்னு மதுரை நண்பர்கள் நிறைய பேர் கேக்குறீங்க. ஓட்டலாம். ஆனா ஷோரூம் போறதுக்கு முன்னாடி எந்த லோடுன்னு முடிவு பண்ணுங்க.

டாடா ஏஸ், அதாவது நம்ம குட்டி யானை, முக்கால் டன் வண்டி. 50 கிலோ அரிசி மூட்டைன்னா 15. அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்னேகால் டன், 25 மூட்டை. நிலக்கோட்டையிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் பூ ஏத்தினா குட்டி யானையே போதும். பூவுக்கு எடையை விட இடம்தான் வேணும். கீழமாசி வீதி மளிகை மூட்டைக்குத் தோஸ்த்.

ரெண்டுமே மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ள, அதனால பெர்மிட் வேண்டாம். 7,500 கிலோ வரைக்கும் கார் லைசென்ஸே போதும்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணிடுச்சு.

இப்ப கணக்கு. 5 லட்சம் கடன், 12% வட்டி, 4 வருஷம்னா இஎம்ஐ சுமார் 13,170 ரூபாய். மாசம் 26 நாள் ஓட்டினாலும், டீசல் போடுறதுக்கு முன்னாடியே தினமும் 500 ரூபாய் காலி. ரிட்டர்ன் லோடு இல்லேன்னா திரும்பி வர்ற டீசலும் உங்க கைக்காசுதான்.

அதனால ரெண்டு மூணு மண்டியில நேர்ல போய், மாசம் எத்தனை நடை குடுப்பீங்கன்னு கேளுங்க. அந்த எண்ணிக்கை கைக்கு வர்ற வரைக்கும் ராஜினாமா லெட்டர் டிராஃப்ட்லயே இருக்கட்டும்.