நாள் தள்ளிப்போகும் முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை

கரு உருவான 28ஆம் நாளுக்குள் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக் குழாய் மூடிவிடுகிறது. அப்போது கருவின் நீளம் அரை சென்டிமீட்டரைத் தாண்டியிருக்காது. தாய்க்கோ மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். ‘போன மாசமும் கொஞ்சம் தள்ளித்தானே வந்தது, பார்க்கலாம்’ என்று பல பெண்கள் காத்திருக்கும் நாட்கள் இவைதான். டாக்டரிடம் போய் ஸ்கேன் எடுத்து, வீட்டில் இனிப்பு கொடுக்கும்போது அந்தக் குழாய் மூடியாகிவிட்டது. அல்லது மூடாமல் நின்றுவிட்டது.

என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த அவசரம் புரியும். மூன்றாவது வாரத்தில் கரு என்பது மூன்று அடுக்குள்ள ஒரு சிறு தட்டு. மேலடுக்கில் பெரும்பகுதி தோலாக மாறும். ஆனால் நடுக்கோட்டுக்குக் கீழே இருக்கும் திசுக்கள் சில புரதங்களைச் சுரந்து, ‘தோலாக மாறு’ என்ற கட்டளையைத் தடுத்துவிடுகின்றன. தடுக்கப்பட்ட இடத்தில் உள்ள செல்கள் தடித்து, நரம்புத் தட்டாகின்றன. இப்படிக் கட்டளையிடும் திசு ஒன்று உண்டு என்பதை 1924இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பீமனும் அவருடைய மாணவி ஹில்டே மாங்கோல்டும் காட்டினார்கள். நியூட் எனும் நீர்வாழ் பிராணியின் கருவிலிருந்து துளியளவு திசுவை எடுத்து இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டினார்கள். அங்கே இரண்டாவதாக ஒரு நரம்பு மண்டலமே முளைத்தது. 1935இல் ஸ்பீமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மாங்கோல்டு, ஆய்வு வெளிவந்த ஆண்டிலேயே இறந்துபோயிருந்தார்.

வெற்றிலையை நீளவாக்கில் மடித்தால் இரு ஓரமும் எழுந்து ஒன்றையொன்று தொடுமல்லவா, அப்படித்தான் இந்தத் தட்டும் மடிகிறது. சுமார் 22ஆம் நாள் கழுத்துப் பகுதியில் ஓரங்கள் ஒட்டத் தொடங்குகின்றன. அங்கிருந்து மேலும் கீழுமாக மூடிக்கொண்டே போகின்றன. தலைப்பக்கம் 25ஆம் நாள் அளவில் மூடுகிறது, கீழ்ப்பக்கம் 27 அல்லது 28ஆம் நாள். குழாயின் உட்சுவரில் உள்ள செல்கள் பிரிந்து பெருகித்தான் முதல் நரம்பு செல்கள் பிறக்கின்றன. வளர்ந்த மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பு செல்களுக்கும் மூலம் அந்தச் சுவர்தான்.

இவ்வளவு வேகமான செல் பிரிதலுக்குப் புதிது புதிதாக மரபுப்பொருள் தேவை. அதைக் கட்ட ஃபோலேட் என்ற பி வைட்டமின் வேண்டும். அது குறைந்தால் குழாய் மூடாமல் போகும் ஆபத்து கூடுகிறது. தலைப்பக்கம் மூடாவிட்டால் மண்டையோட்டின் மேற்பகுதியும் மூளையின் பெரும்பகுதியும் உருவாவதில்லை. அந்தக் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், பிறந்தாலும் சில மணி நேரமோ சில நாட்களோதான். கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் தண்டுவடப் பிளவு. இந்தக் குழந்தை பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் கால்கள் வலுவிழக்கலாம், சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போகலாம், மூளையில் நீர் தேங்கலாம்.

ஃபோலேட்டின் கதையில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1928இல் இந்தியா வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், பம்பாய் நெசவாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும், நாம் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைக்கும் திருவல்லிக்கேணி மருத்துவமனையிலும் பணியாற்றினார். ஈஸ்ட் சாற்றில் உள்ள ஏதோ ஒன்று அந்தச் சோகையைத் தீர்க்கிறது என்று 1931இல் எழுதினார். பின்னால் அதுதான் ஃபோலேட் என்று தெரிந்தது. அறுபது ஆண்டு கழித்து, 1991இல், ஏழு நாடுகளில் நடந்த பிரிட்டிஷ் ஆய்வு முடிவைச் சொன்னது. முன்பு நரம்புக் குழாய்க் குறையோடு குழந்தை பெற்ற தாய்மார்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தபோது, அதே குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. அடுத்த ஆண்டே, முன் வரலாறு இல்லாத பெண்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று ஹங்கேரி ஆய்வு காட்டியது.

ஆகவே குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண், குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்து கர்ப்பத்தின் 12ஆம் வாரம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்க வேண்டும். முதல் குழந்தைக்கு இந்தக் குறை இருந்திருந்தால் பத்து மடங்கு அளவு தேவைப்படும். சர்க்கரை நோய் இருந்தாலோ, வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டாலோ அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வலிப்பு நோய்க்கான வால்ப்ரோயேட் மருந்து இந்தக் குறையின் ஆபத்தைப் பல மடங்கு கூட்டுகிறது. அதற்காக யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. வலிப்பு தாய்க்கும் கருவுக்கும் உயிராபத்து. கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் மருத்துவரைப் பார்த்து வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள்.

கீரையும் பயறும் போதாதா என்று கேட்பார்கள். கட்டாயம் சாப்பிடுங்கள். ஆனால் கீரையை வேகவைத்து நீரை இறுத்துவிட்டால் ஃபோலேட்டின் பெரும்பங்கு அந்த நீரோடு போய்விடும். செறிவூட்டிய அரிசியிலும் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் வரைதான் ஃபோலிக் அமிலம். ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டாலும் 40 மைக்ரோகிராமைத் தொடாது. மாத்திரைக்கு மாற்று மாத்திரைதான்.

நம் சுகாதார அமைப்பின் பெருங்குறையும் இங்கேதான் இருக்கிறது. கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறோம். மருத்துவமனைக் கணக்கில் நரம்புக் குழாய் மூடுவது ஆறாவது வாரம். பதிவுக்கு வருபவருக்குக் கொடுக்கும் மாத்திரை ரத்தசோகைக்கு உதவும், குழாய்க்கு உதவாது. 2018இல் தொடங்கிய ரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தின் வழிகாட்டுதலில், கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் என்று எழுதியிருக்கிறது. எழுதியதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ, ‘நான் இன்னும் கர்ப்பமாகவில்லை, ஆனால் குழந்தைக்குத் தயாராகிறேன், ஃபோலிக் மாத்திரை வேண்டும்’ என்று கேளுங்கள். திருமணப் பதிவு அலுவலகத்திலேயே இதைக் கொடுத்தால் என்ன? அமெரிக்காவில் 1998 முதல் செறிவூட்டிய மாவிலேயே ஃபோலிக் அமிலம் சேர்ப்பது கட்டாயம். நம்மிடம் அப்படியொரு ஏற்பாடு வரும்வரை, கல்யாண வீட்டுப் பெரியவர்கள்தான் இதைச் சொல்ல வேண்டும்.

மாத்திரை சாப்பிட்டும் சிலருக்கு இந்தக் குறை வரும். மரபும் காரணம், இன்னும் பலவும் காரணம். கிரகணத்தில் வெளியே வந்ததாலும், யார் வயிற்றெரிச்சலாலும் இது வருவதில்லை. மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பேச்சை வீட்டில் உள்ளவர்கள் உடனே நிறுத்த வேண்டும்.

கண்டுபிடிக்க ஸ்கேன் உண்டு. தலைப்பக்கக் குறை 11 முதல் 14 வாரத்திலேயே தெரியக்கூடும்; தண்டுவடப் பிளவைப் பெரும்பாலும் 18 முதல் 20 வார ஸ்கேனில் பார்க்கலாம். பாலினத்தைச் சொல்வதுதான் குற்றம், குறையைத் தேடுவது சட்டப்படியானது. 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், கடுமையான கருக்குறை இருந்தால் 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்து. அதற்கு மேல், கணிசமான குறை என்று மருத்துவ வாரியம் உறுதிசெய்தால் கால வரம்பில்லை. விண்ணப்பித்த 3 நாளில் வாரியம் பதில் சொல்ல வேண்டும். 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் போதும்; கணவர் கையெழுத்து சட்டத்தில் இல்லை. 2017 ஜனவரியில், மூளை உருவாகாத கருவைச் சுமந்த மும்பைப் பெண் ஒருவர் 24ஆம் வாரத்தில் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இன்று அந்த அலைச்சல் வேண்டியதில்லை.

பெற்றெடுக்க முடிவு செய்வதும் அதே அளவு உரிமை. தண்டுவடப் பிளவு எல்லாம் ஒரே கடுமை அல்ல; முடிவெடுக்கும் முன் குழந்தை நரம்பு அறுவை நிபுணரிடம் பேசுங்கள். முதுகில் பிளவு திறந்திருந்தால், பிறந்த இரண்டு மூன்று நாளுக்குள் மூடுவது முக்கியம். அதனால் பெரிய மருத்துவமனையில் பிரசவத்தைத் திட்டமிடுங்கள். பிறவிக் குறைகளுக்கான மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் இந்தக் குறையும் இருக்கிறது. மாவட்டத்தில் உள்ள அதன் ஆரம்ப இடையீட்டு மையம் வழியாக 18 வயது வரை இலவசச் சிகிச்சை கேட்கலாம். 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று சான்று கிடைத்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி குழந்தையின் உரிமை. நடக்க முடியாது என்று சொல்லி எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்க முடியாது.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் வீட்டில் புதிதாகக் கல்யாணமான பெண் இருந்தால், அவரிடம் இந்த வாரமே பேசுங்கள். மாத்திரை தொடங்க வேண்டியது இப்போது.